ரெண்டு பிளாக் போட்டேன், ஒரு ஹெட்டர்தான் வருது: லைட்டி கான்ஃபிக் பற்றி ஒரு விவாத இழை

கேள்வி. பிப்ரவரி 3, மாலை 6:12

அண்ணா, லைட்டி (lighttpd) என்கிற வலை சர்வரில் ஒரு தளம் ஓட்டுகிறேன். வெறும் ஹெச்டிஎம்எல் பக்கங்கள், கொஞ்சம் படங்கள், எழுத்துருக்கள். கான்ஃபிக் கோப்பில் ஹோஸ்ட் பெயருக்கு ஒரு பிளாக் எழுதி அதில் பாதுகாப்பு ஹெட்டர் (பதிலோடு சர்வர் அனுப்பும் குறிப்பு வரி) ஒன்று போட்டேன், வந்தது. பிறகு எழுத்துரு ஃபோல்டருக்குத் தனியாக ஒரு பிளாக் போட்டு அதில் வேறொரு ஹெட்டர் வைத்தேன். இப்போது எழுத்துருக் கோப்புகளுக்கு இரண்டாவது மட்டும்தான் வருகிறது. முதலாவதைக் காணோம். இரண்டு நிபந்தனையுமே பொருந்துகிறதே? சர்வர் கட்டளையில் டேஷ் டி (-t) போட்டால் சின்டாக்ஸ் ஓகே என்கிறது. சர்வரில் பக் இருக்கிறதா? கோப்பு மொத்தம் 380 வரி, எங்கோ கிடைத்த மாதிரியை எடுத்துத் திருத்தியது.

பிப்ரவரி 3, இரவு 9:40

பக் இல்லை. இரண்டாவது பிளாக்கில் = போட்டிருப்பீர்கள். அதை += ஆக்கிப் பாருங்கள். சமன் குறி பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை வைக்கும், கூட்டல் சமன் பழையதோடு சேர்க்கும். அவ்வளவுதான்.

பிப்ரவரி 4, காலை 7:15

நேற்று ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுதியது பாதி தப்பு. காலையில் என் மடிக்கணினியில் அதே மாதிரி இரண்டு பிளாக் எழுதி, கர்ல் (கட்டளை வரியிலிருந்து பக்கத்தைக் கேட்கும் கருவி) வைத்துப் பார்த்தேன். += போட்டும் முதல் பிளாக்கின் ஹெட்டர் வரவில்லை. தம்பியும் அதற்குள் செய்து பார்த்துவிட்டு "அண்ணா, அப்படியேதான் இருக்கு" என்று எழுதிவிட்டார்.

நடப்பது இதுதான். கூட்டல் சமன் கோரிக்கை வரும்போது நடப்பதில்லை. சர்வர் கோப்பைப் படிக்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. ஒரு பிளாக்குக்குள் += எழுதினால், அந்த பிளாக் எதற்குள் இருக்கிறதோ அந்தத் தாய் இடத்தில் இருக்கும் மதிப்பை எடுத்து, அதோடு உங்களுடையதைச் சேர்த்து, அந்த பிளாக்கின் மதிப்பாக வைத்துக்கொள்கிறது. பக்கத்து பிளாக்கில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதே இல்லை. உங்கள் இரண்டு பிளாக்கும் அண்ணன் தம்பி. ஒருவருடைய பை மற்றவருக்குத் தெரியாது, அப்பா அம்மாவுடைய பை மட்டும்தான் தெரியும்.

அப்புறம் கோரிக்கை வரும்போது, பொருந்துகிற பிளாக்குகளை மேலிருந்து கீழே பார்க்கிறது. ஒரே அமைப்பை இரண்டு பிளாக்குகள் வைத்திருந்தால் கீழே இருப்பதுதான் நிற்கும். இரண்டையும் கலக்காது.

ஆக, வழி இரண்டு. எழுத்துரு பிளாக்கை ஹோஸ்ட் பிளாக்குக்குள்ளேயே வைத்து += போடுங்கள்:

$ஹெச்டிடிபி["ஹோஸ்ட்"] == "தளம்" {
  செட்என்வ்.ஆட்-ரெஸ்பான்ஸ்-ஹெட்டர் = ( முதல் ஹெட்டர் )
  $ஹெச்டிடிபி["யூஆர்எல்"] =~ "^/எழுத்துரு/" {
    செட்என்வ்.ஆட்-ரெஸ்பான்ஸ்-ஹெட்டர் += ( இரண்டாவது )
  }
}

இல்லையென்றால், எல்லாருக்கும் பொதுவான ஹெட்டர்களை மேலே ஒரு வார். மாறியில் வைத்துவிட்டு, ஒவ்வொரு பிளாக்கிலும் "வார்.பொது + ( இன்னொன்று )" என்று எழுதலாம். வார். என்று தொடங்கினால் அது நாமே வைக்கும் பெயர். இரண்டு பட்டியல்களைக் கூட்டல் குறியால் ஒட்டலாம். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும், உள்ளே உள்ளே என்று பிளாக் போய்க்கொண்டே இருந்தால் ஆறு மாதம் கழித்து நமக்கே வழி தெரியாது.

பிப்ரவரி 4, மதியம் 1:05

தம்பி: "உள்ளே வைத்தேன், வந்துவிட்டது. ஆனால் இது நியாயமாகவே படவில்லை."

எனக்கும் முதலில் படவில்லை. நான் ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிப் பழகியவன். கான்ஃபிக்கைப் பார்த்ததும் கண் தானாக மேலிருந்து கீழே ஓட்டத் தொடங்கிவிடும்: இந்த இஃப் உண்மை, உள்ளே போ, இதைச் செய், வெளியே வா, அடுத்த இஃப். சுருள் அடைப்பும் சமன் குறியும் எல்ஸும் கிடக்கும்போது வேறு எப்படிப் படிப்பது? ஆனால் அது நிரல் இல்லை. அது ஒரு அட்டவணை. இந்த நிலைமை வந்தால் இந்த மதிப்பு, அந்த நிலைமை வந்தால் அந்த மதிப்பு. வரி எதுவும் "ஓடுவதில்லை". நான் வருடக்கணக்கில் செய்த தவறுகளைத் திரும்பிப் பார்த்தால், முக்கால்வாசி இந்த ஒரு குழப்பத்திலிருந்துதான் கிளம்பியிருக்கின்றன.

பிப்ரவரி 4, மதியம் 1:20

"வரி எதுவும் ஓடுவதில்லை" என்று எழுதி அனுப்பியதும் இன்க்ளூட்-ஷெல் ஞாபகம் வந்தது. அது ஒரு கட்டளையை ஓட்டி, அதன் வெளியீட்டைக் கோப்பின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். அதுவும் கோப்பைப் படிக்கும் நேரத்தில் ஒரு தடவைதான். சரி, ஒரு வரி ஓடுகிறது.

பிப்ரவரி 5, இரவு 10:30

டேஷ் டி பற்றி. தம்பி அதை நம்பித்தான் பக் என்று முடிவு கட்டினார். அது பார்ப்பது இலக்கணம் மட்டும். மேற்கோள் குறி மூடியிருக்கிறதா, அடைப்பு மூடியிருக்கிறதா, ஒரே பெயருக்கு ஒரே இடத்தில் இரண்டு தடவை மதிப்பு கொடுத்திருக்கிறீர்களா. "நான் பள்ளிக்குச் சாப்பிட்டேன்" என்று எழுதினால் இலக்கணம் சரி என்று விட்டுவிடும் வாத்தியார் மாதிரி.

டேஷ் டிடி என்று இரண்டு டி போட்டால் மாட்யூல்களையும் (சர்வரின் கூடுதல் பாகங்கள்) ஏற்றி, தொடங்குவதற்குத் தேவையானதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு நிற்கும். அதுதான் உருப்படியான சோதனை. டேஷ் பி போட்டால், கோப்பைப் படித்து முடித்தபின் சர்வர் தன் தலைக்குள் என்ன வைத்திருக்கிறது என்பதை அப்படியே கொட்டும். += என்ன ஆனது என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. 4ஆம் தேதி காலையில் நான் கர்ல் வைத்துத் தடவிக்கொண்டிருந்ததற்குப் பதிலாக இதைப் போட்டிருந்தால் அரை நிமிடம்.

இன்னொன்று. பெயரில் எழுத்துப்பிழை விட்டால் லைட்டி நின்றுவிடாது. தெரியாத பெயர், கண்டுகொள்ளவில்லை என்று எர்ரர் லாக்கில் ஒரு எச்சரிக்கை எழுதிவிட்டு ஓடத் தொடங்கிவிடும். அதே எச்சரிக்கை, பெயர் சரியாக இருந்து அதற்குரிய மாட்யூலை நீங்கள் ஏற்றாமல் விட்டாலும் வரும். ஹெட்டர் சேர்க்கும் செட்என்வ் மாட்யூலைப் பட்டியலில் சேர்க்காமல் ஹெட்டர் ஹெட்டராக எழுதிவிட்டு ஒரு மாலை முழுக்க முழித்திருக்கிறேன். கோப்பு அழகாக இருந்தது. படிப்பவர்தான் இல்லை.

பிப்ரவரி 5, இரவு 10:34

தம்பி கேட்டார்: "லாக் எங்கே இருக்கும்?" கான்ஃபிக்கில் எழுதியிருக்கும் இடத்தில். எழுதவில்லையா? அப்போது அதுதான் முதல் வேலை.

பிப்ரவரி 7, காலை 8:50

380 வரிக்கு வருவோம். மாதிரிக் கோப்பை எடுத்துத் திருத்துவதை நான் விட்டுப் பல வருடம் ஆகிறது. மாதிரியில் இருப்பது எழுதியவருடைய தேவை, அவருடைய காலத்துப் பதிப்பு, அவருடைய மாட்யூல்கள். அதில் எது நமக்கு வேண்டாம் என்று கண்டுபிடிக்கிற நேரத்தில், எது வேண்டும் என்று வெறும் கோப்பிலிருந்து எழுதி முடித்துவிடலாம்.

லைட்டி எழுந்து நிற்க உண்மையில் மூன்று விஷயம் போதும்: கோப்புகள் எங்கே இருக்கின்றன, எந்த போர்ட் (இணைப்பு வந்து சேரும் எண்), எந்தக் கோப்பு நீட்டிப்புக்கு என்ன வகை. போர்டை 3000 மாதிரி ஏதாவது வைத்தால் ரூட் அனுமதிகூட வேண்டாம். பிறகு டேஷ் பெரிய டி போட்டு முன்னாலேயே ஓடவிட்டுப் பாருங்கள், பின்னணிக்குப் போகாது, கன்ட்ரோல் சி அடித்தால் நிற்கும். அங்கிருந்து ஒவ்வொரு வரியாகச் சேர்க்க வேண்டும். ஒரு வரி சேர், சோதி, அடுத்தது. அலுப்பாக இருக்கும். 380 வரியில் தப்பைத் தேடும் அலுப்போடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை.

மூன்றாவது விஷயத்தை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். மைம்டைப்.அசைன் என்ற அந்த வகைப் பட்டியல் இல்லாமல் விட்டால், பழைய பதிப்புகளில் சர்வருக்கு எது ஹெச்டிஎம்எல், எது படம் என்று தெரியாது. எல்லாவற்றையும் "ஏதோ பைட்டுகள்" என்ற பொதுவகையில் அனுப்பும். பிரௌசர் பக்கத்தைக் காட்டாமல் பதிவிறக்கட்டுமா என்று கேட்கும். முதன்முதலில் இது நடந்தபோது சர்வரைக் கழற்றி மறுபடி நிறுவினேன். மறுபடியும் பதிவிறக்கட்டுமா என்றது.

இதிலேயே நம்மைப் போன்றவர்களுக்கென்று ஒரு பொறி. ஹெச்டிஎம்எல்லில் எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8 என்று மேலே எழுதிவிடுவோம், பிழைத்துவிடும். ஆனால் வெறும் .டிஎக்ஸ்டி கோப்பில் அப்படி எழுத இடமே கிடையாது. தமிழில் ஒரு உரைக் கோப்பைத் தளத்தில் வைத்துவிட்டு நண்பருக்குச் சுட்டி அனுப்பினேன். "என்ன மொழி இது?" என்று பதில் வந்தது. அவர் பிரௌசரில் முழுக்கக் கொம்பு முளைத்த லத்தீன் எழுத்துகள். மைம் பட்டியலில் டிஎக்ஸ்டி வகைக்குப் பக்கத்தில் அரைப்புள்ளி போட்டு சார்செட் யூடிஎஃப்-8 என்று சேர்த்ததும் தமிழ் தமிழானது. ஒரு சொல்தான். சிஎஸ்எஸ், ஜேஎஸ் வகைகளுக்கும் போட்டுவிடுங்கள், அவற்றுக்குள்ளும் தமிழ் வரலாம்.

பிப்ரவரி 7, காலை 9:02

நீட்டிப்பு கோப்புப் பெயரின் வாலில் பொருத்தப்படுவது. .ஜிஇசட், .டார்.ஜிஇசட் இரண்டும் இருந்தால் நான் நீளமானதை முன்னால் எழுதுவேன். பழைய பதிப்புகளில் வரிசை முக்கியம், பழக்கம் ஒட்டிக்கொண்டது.

பிப்ரவரி 8, இரவு 11:10

வேறொருவர் வந்து, "இந்தக் காலத்தில் யார் லைட்டி ஓட்டுகிறார்கள்? என்ஜின்எக்ஸ்ஸுக்கு மாறிவிடு, இந்தச் சிக்கலே இருக்காது" என்கிறார்.

மாறலாம், தாராளமாக, அதுவும் ஒரு வலை சர்வர்தான். ஆனால் "இந்தச் சிக்கலே இருக்காது" என்பதுதான் இடிக்கிறது. என்ஜின்எக்ஸ்ஸின் ஆட்-ஹெட்டர் இயல்பாக என்ன செய்யும்? லொக்கேஷன் பிளாக்குக்குள் ஒரே ஒரு ஆட்-ஹெட்டர் எழுதினாலும் போதும், மேலே சர்வர் பிளாக்கில் எழுதிய அத்தனை ஆட்-ஹெட்டரும் அந்த இடத்தில் மறைந்துவிடும். தம்பி மாட்டியதற்கு உடன்பிறந்த பொறி. அங்கே மாட்டினால் இன்னும் மோசம், ஏனென்றால் உள்ளே வைத்தும் தீராது, திரும்ப எல்லாவற்றையும் எழுத வேண்டும் அல்லது ஒரு துண்டுக் கோப்பில் வைத்து ஒவ்வொரு இடத்திலும் இன்க்ளூட் செய்ய வேண்டும்.

இரண்டும் ஒரே காலத்துக் குழந்தைகள். 1999இல் டான் கெகல் ஒரே கணினியில் பத்தாயிரம் இணைப்புகளை எப்படிச் சமாளிப்பது என்று எழுதினார், சி10கே என்று பெயர். அதற்கு விடையாகத்தான் யான் க்னெஷ்கே 2003இல் லைட்டியைத் தொடங்கினார். ஈகோர் சிசோயெவ் 2004இல் என்ஜின்எக்ஸ்ஸை வெளியிட்டார். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு ஆள் என்று நிறுத்தாமல், சில ஆட்களே எல்லா இணைப்பையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொள்வது என்ற அதே யோசனை. அப்பாச்சி என்ற பழைய வலை சர்வரிலிருந்து வருபவர்கள் இரண்டிலும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்பார்கள்: .ஹெச்டிஅக்சஸ் எங்கே? இல்லை. ஃபோல்டருக்கு ஃபோல்டர் கோப்பு வைத்து ஒவ்வொரு கோரிக்கைக்கும் அதைத் தேடிப் படிப்பது இரண்டுக்குமே ஆகாது.

ஒரு வித்தியாசம் மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். என்ஜின்எக்ஸ்ஸுக்கு ஹப் சிக்னல் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு அனுப்பும் சைகை) அனுப்பினால் கான்ஃபிக்கை மறுபடி படிக்கும், யூஎஸ்ஆர்1 அனுப்பினால் லாக் கோப்புகளைத் திறந்துகொள்ளும். லைட்டியில் நேர் தலைகீழ்: ஹப் என்றால் லாக், யூஎஸ்ஆர்1 என்றால் மெதுவாக முடித்துக்கொண்டு புதிய கான்ஃபிக்கோடு எழுவது. என்ஜின்எக்ஸ் பழக்கத்தில் லைட்டிக்கு ஹப் அனுப்பிவிட்டு, திருத்தம் ஏன் எடுபடவில்லை என்று கான்ஃபிக்கையே மூன்று தடவை மாற்றி எழுதியிருக்கிறேன். மூன்றும் சரி. நாலாவது தடவை ரீஸ்டார்ட் செய்தேன்.

பிப்ரவரி 9, காலை 6:45

மேலே "உள்ளே வைத்தும் தீராது" என்று என்ஜின்எக்ஸ்ஸைக் கொஞ்சம் ஓங்கி அடித்துவிட்டேன். ஹெட்டர் அத்தனையையும் ஒரே மட்டத்தில் எழுதினால் அங்கே பிரச்சினையே இல்லை. இங்கேயும் அப்படியே. ஆக அடித்தது என்னையே.

பிப்ரவரி 9, இரவு 9:25

என்ஜின்எக்ஸ் பேச்சு வந்ததால் ஒரு பழைய கதை. இயக்குதளத்தோடு வந்த அதன் முதன்மைக் கோப்பில், சைட்ஸ்-எனேபிள்டு ஃபோல்டரில் இருக்கும் எல்லாவற்றையும் சேர் என்று வெறும் நட்சத்திரம் போட்டிருக்கும். நான் ஒரு திருத்தத்துக்கு முன்னால் ஜாக்கிரதையாக அதே ஃபோல்டரிலேயே பழைய கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, பெயருக்கு முன்னால் 00-பழையது- என்று ஒட்டி வைத்தேன். நட்சத்திரத்துக்குப் பழையது புதியது என்றெல்லாம் கிடையாது. இரண்டையும் படித்தது. சர்வர் பெயர் முட்டுகிறது, ஒன்றை விட்டுவிடுகிறேன் என்று எச்சரிக்கை மட்டும் எழுதியது. எதை விட்டது? இரண்டாவதாகப் படித்ததை. அகரவரிசையில் எது முன்னால் வருகிறதோ அது ஜெயித்தது, ஜெயித்தது என் நகல். திருத்தத் திருத்த ஒன்றுமே மாறவில்லை.

லைட்டியில் டெபியன் வகை லினக்ஸில் கான்ஃப்-எனேபிள்டு ஃபோல்டரை .கான்ஃப் என்று முடிபவை மட்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள், 10-, 15- என்று எண்ணோடு பெயர். எண்தான் வரிசை. நகல் எடுக்க வேண்டுமென்றால் வேறு ஃபோல்டரில் எடுங்கள். கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவி) இருந்தால் நகலே வேண்டாம்.

பிப்ரவரி 11, மாலை 7:30

தம்பி, உங்கள் கோப்பில் அலையஸ் வரி ஒன்றைப் பார்த்தேன். இடது பக்கம் "/படம்", கடைசியில் சாய்கோடு இல்லை. வலது பக்கம் "/டேட்டா/படங்கள்/", சாய்கோடு இருக்கிறது. இதை உடனே மாற்றுங்கள்.

அலையஸ் செய்வது வெறும் ஒட்டு வேலை: முன்னால் இருக்கும் துண்டை வெட்டிவிட்டு வேறு துண்டை ஒட்டுகிறது. யாராவது "/படம்../" என்று கேட்டால்? "/படம்" வரை பொருந்துகிறது, வெட்டு. மிச்சம் "../". ஒட்டினால் "/டேட்டா/படங்கள்/../". படங்களுக்கு ஒரு படி மேலே, டேட்டா முழுக்கத் திறந்து கிடக்கிறது. அங்கே பேக்கப் இருந்தால் அதுவும். லைட்டியில் இதற்கு 2018இல் பாதுகாப்புக் குறைபாட்டு எண்ணே கொடுத்தார்கள், 19052. 1.4.50 பதிப்பில் சர்வரே இதைத் தடுக்கும்படி செய்துவிட்டார்கள். அதற்காக அப்படியே விட்டுவிட வேண்டாம். என்ஜின்எக்ஸ்ஸிலும் லொக்கேஷனும் அலையஸும் சேரும் இடத்தில் இதே ஓட்டை, அங்கே அது எழுதுபவர் பொறுப்பு.

என் விதி: இரண்டு பக்கமும் சாய்கோடு, அல்லது இரண்டு பக்கமும் இல்லை. ஒற்றைக்காலில் நிற்காதீர்கள்.

பிப்ரவரி 11, மாலை 7:48

அதே கோப்பில் ரீஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைக் குறிகளால் பொருத்தும் முறை) வைத்து ஹோஸ்ட் பெயர் பொருத்தியிருக்கிறீர்கள். புள்ளிக்கு முன் பின்சாய்கோடு இல்லை. ரீஜெக்ஸில் வெறும் புள்ளி என்றால் எந்த எழுத்தும். தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் இல்லாததால் பெயர் நடுவில் எங்கே வந்தாலும் பொருந்தும். ஒரே பெயருக்கு =~ எதற்கு? == போதும். ரீஜெக்ஸ் தெரியும் என்பதற்காகவே ரீஜெக்ஸ் எழுதுவது நானும் செய்ததுதான். வயசுக் கோளாறு.

பிப்ரவரி 12, இரவு 10:05

யூஆர்எல் என்ற சொல் லைட்டியில் இரண்டு இடத்தில் இரண்டு பொருள். நிபந்தனையில் $ஹெச்டிடிபி["யூஆர்எல்"] என்றால் பாதை மட்டும், கேள்விக்குறியும் அதற்குப் பிந்தியதும் சேராது. அதற்குத் தனியாக குவெரி-ஸ்ட்ரிங் நிபந்தனை இருக்கிறது. ஆனால் ரீரைட் (பாதையை உள்ளேயே மாற்றுவது), ரீடைரெக்ட் (வேறு முகவரிக்குப் போகச் சொல்வது) விதிகளில் பொருத்தப்படுவது கேள்விக்குறியோடு சேர்ந்த முழு நீளம். அதனால் "^/பழைய$" என்று எழுதிய ரீடைரெக்ட் சும்மா போனால் வேலை செய்யும், யாராவது வாலில் ஏதாவது அளவுருவை ஒட்டி அனுப்பினால் 404. எங்கோ பகிர்ந்த சுட்டிகளெல்லாம் வாலோடுதான் வருகின்றன. முடிவில் "(\?.*)?$" என்று இடம் விடுங்கள்.

ரீடைரெக்ட் சோதிக்கும்போது இன்னொரு வேதனை. லைட்டி இயல்பாக அனுப்புவது 301, நிரந்தரம். பிரௌசர் அதை நம்பி ஞாபகம் வைத்துக்கொள்ளும். தவறான இடத்துக்கு அனுப்பிவிட்டு, விதியைத் திருத்தி, மறுபடி போனால் பிரௌசர் சர்வரைக் கேட்காமலேயே பழைய தவறான இடத்துக்குப் போகும். நாம் சர்வரைத் திட்டுவோம். சோதிக்கும் வரை ரீடைரெக்ட்-கோட் 302 என்று வையுங்கள். பார்ப்பதை கர்ல் டேஷ் பெரிய ஐ-யில் பாருங்கள், அதற்கு ஞாபகம் கிடையாது.

பிப்ரவரி 14, காலை 9:15

இதையும் சொல்லிவிடுகிறேன், 4ஆம் தேதி "அட்டவணை, நிரல் இல்லை" என்று பெரிதாகப் பேசியதற்கு ஒரு விலக்கு. $சர்வர்["சாக்கெட்"] நிபந்தனை. பார்க்க மற்ற நிபந்தனை மாதிரியேதான் இருக்கும்: கோரிக்கை இந்த போர்டில் வந்தால் என்று படிப்போம். ஆனால் அதை எழுதியதாலேயே சர்வர் அந்த போர்டைத் திறந்து கேட்கத் தொடங்கும். உள்ளே ஒன்றுமே இல்லாத வெற்று அடைப்பாக இருந்தாலும் திறக்கும்.

சோதனைக்கு 8080 போட்டு ஒரு பிளாக் எழுதினேன். வேலை முடிந்ததும் உள்ளே இருந்த வரிகளுக்கு முன் # போட்டுவிட்டு, அடைப்பை விட்டுவிட்டேன். சில மாதம் கழித்து வேறு ஏதோ தேட, திறந்திருக்கும் போர்டுகளைக் காட்டும் எஸ்எஸ் கட்டளை போட்டபோது 8080 விரியத் திறந்து கிடந்தது. உள்ளே விதிகள் எதுவும் இல்லாததால் பொது அமைப்பின்படி, கடவுச்சொல் கேட்காமல், தளத்தை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கடவுச்சொல்லை 443 (ஹெச்டிடிபிஎஸ்) பிளாக்குக்குள் மட்டும் வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து பூட்டெல்லாம் பொது இடத்தில், திறப்பெல்லாம் பிளாக்கில்.

பிப்ரவரி 14, காலை 9:40

பூட்டு என்றதும்: கிட் ஃபோல்டரைத் தளத்தோடு சேர்த்து வைத்திருப்பவர்கள் அதை மூடுங்கள். பாதையில் "/\.கிட்" வந்தால் யூஆர்எல்.அக்சஸ்-டினை = ( "" ). வெற்று மேற்கோள் விசித்திரமாகத் தெரியும். அந்த அமைப்பு வாலைப் பொருத்துவது, எந்தப் பாதையின் வாலிலும் ஒரு "ஒன்றுமில்லை" இருக்கிறதே, அதனால் எல்லாம் மறுக்கப்படும். இதை முதலில் புரிந்துகொண்டபோது சிரித்தேன்.

பிப்ரவரி 17, இரவு 8:55

தம்பி வெறும் கோப்பிலிருந்து தொடங்கி முடித்துவிட்டார். 41 வரி. 380 எங்கே, 41 எங்கே. நடுவில் ஒரு நாள் 403 (அனுமதி இல்லை) என்று சிக்கியிருந்தார். கோப்பின் அனுமதி சரியாக இருந்தது, ஆனால் மேலே ஹோம் ஃபோல்டர் 700 (உரிமையாளருக்கு மட்டும்), சர்வர் பயனர் உள்ளே நுழையவே முடியவில்லை. பாதையில் ஒவ்வொரு படியிலும் நுழையும் அனுமதி வேண்டும். நேம்ஐ டேஷ் எல் போட்டால் படிப்படியாகக் காட்டும்.

"ஒவ்வொரு வரிக்கும் ஏன் போட்டேன் என்று கமெண்ட் எழுதியிருக்கிறேன், சரியா?" என்று கேட்டார். என்ன செய்கிறது என்று எழுத வேண்டாம், அது வரியிலேயே இருக்கிறது. ஏன் என்பதை மட்டும் எழுதுங்கள்.

பிப்ரவரி 17, இரவு 9:30

இப்படி உபதேசம் செய்துவிட்டு என் சர்வரின் கோப்பைத் திறந்து பார்த்தேன். நடுவில் ஒரு வரி, சர்வர்.அப்லோட்-டிர்ஸ், ஏதோ ஒரு ஃபோல்டரைக் காட்டுகிறது. பக்கத்தில் என் கமெண்ட்: "எடுக்காதே." ஏன் என்று இல்லை. ஞாபகமும் இல்லை. எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 19, காலை 7:00

இரண்டு நாளாக ஒன்றும் ஆகவில்லை. பழைய வீறாப்பு வரிதான் போலிருக்கிறது.

பிப்ரவரி 20, இரவு 11:50

பெரிய வீடியோ ஒன்றை மேலேற்றப் பார்த்தேன், பாதியில் அறுந்தது. லாக்கில் டிஸ்க்கில் இடம் இல்லை என்று. டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. பெரிய பதிவேற்றங்களை லைட்டி முதலில் தற்காலிகக் கோப்பாக எழுதி வைக்கும், வேறு சொல்லாவிட்டால் /வார்/டிஎம்பி-இல். என் கணினியில் அது தனிப் பார்ட்டிஷன், குட்டியூண்டு.

வரியைத் திரும்பப் போட்டேன். கமெண்ட் இப்போது: "எடுக்காதே. /வார்/டிஎம்பி சின்னது. பிப்ரவரி 20 ராத்திரியைக் கேள்."